சரக்கு விலகிய துறை: முசிறியும் கொங்கு வழியும்

பவானி, நொய்யல், அமராவதி மூன்றும் கிழக்கே ஓடிக் காவிரியில் கலக்கின்றன. இவற்றில் பவானி மட்டும் நீலகிரியில் பிறந்து, அட்டப்பாடிப் பக்கம் கேரளத்துக்குள் கொஞ்ச தூரம் போய், முள்ளி அருகே திரும்பி வந்து, பில்லூர் வழியாக மேட்டுப்பாளையத்துக்கு இறங்குகிறது. ஆற்றோடு ஊர்களும் வணிகமும் போவதுதான் வழக்கம். பழைய கொங்கில் நடந்தது வேறு. நீர் கிழக்கே போனது. பெரும்பணம் மேற்கிலிருந்து வந்தது. கோயம்புத்தூரை ஒட்டிய வெள்ளலூரில் 1842-இல் ஒரு புதையல் கிடைத்தது. ஐந்நூறுக்கு மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள். 1891-இல் அதே ஊரில் இன்னொரு குவியல், அதுவும் ஐந்நூறைத் தாண்டியது. பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் என்ற இரு பேரரசர்கள் காலத்தவை. பொள்ளாச்சியிலும் கரூரிலும் இப்படிக் கிடைத்திருக்கின்றன.

அந்தக் காசு கப்பலிலிருந்து இறங்கிய இடங்களில் முதன்மையானது முசிறி. காவிரிக்கரை முசிறியல்ல, சேரநாட்டில் பெரியாற்றின் முகத்துவாரத்தை ஒட்டியிருந்த ஆற்றுத்துறை. இன்று அந்தப் பெயரில் அங்கே ஊர் கிடையாது. அது எங்கே இருந்தது, எப்போது அழிந்தது, எதனால் அழிந்தது என்ற மூன்று கேள்விகளில் முதல் கேள்விக்கே நம் அறிஞர்கள் நூறாண்டு மையைச் செலவழித்துவிட்டார்கள். மூன்றாவது கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடுவது வழக்கம்: 1341-ஆம் ஆண்டு பெரியாற்றில் வெள்ளம் வந்தது, துறை மண்மூடியது. இந்தப் பதில் எனக்கு ஒப்பவில்லை. காரணங்களை அடுக்குவதற்கு முன், இடத் தகராறைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

கொடுங்கல்லூரில் சேரமான் பறம்பு என்றொரு மேடு உண்டு. சேரர் அரண்மனை இருந்த இடம் என்பது ஊர் வழக்கு. 1945-46-இல் அனுஜன் அச்சன் அங்கே தோண்டினார். 1969-70-இல் இந்தியத் தொல்லியல் துறையும் அந்தப் பகுதியில் தோண்டியது. சங்க காலத்தைத் தொடும் எதுவும் அகப்படவில்லை. கிடைத்ததெல்லாம் இடைக்காலச் சேரப் பெருமாள்களின் காலத்தை ஒட்டியவை. பிறகு கொடுங்கல்லூருக்குத் தெற்கே, வடக்கன் பரவூரை ஒட்டிய பட்டணம் என்ற சிற்றூரில் ரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகள் தட்டுப்பட்டன. வீடு கட்ட வானம் தோண்டினால் மணிகள் வரும் ஊர் அது. 2007 முதல் கேரள வரலாற்று ஆய்வுக் கழகம், பி.ஜே. செரியன் தலைமையில், பல பருவங்கள் அங்கே அகழாய்வு நடத்தியது. இத்தாலியின் நேப்பிள்ஸ் பகுதியிலிருந்தும் கிரேக்கத்தின் கோஸ் தீவிலிருந்தும் வந்த சாடிகளின் ஓடுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. செங்கல் கட்டிய படகுத்துறை ஒன்று, படகைக் கட்டும் தேக்குமரக் கட்டைகள், ஆஞ்சிலி மரத்தைக் குடைந்து செய்த ஆறு மீட்டர் நீளத் தோணி ஒன்று ஆகியவையும் வெளிவந்தன.

பட்டணம்தான் முசிறி என்று சிலர் உடனே முடிவு கட்டினார்கள். எம்.ஜி.எஸ். நாராயணன் போன்ற மூத்த வரலாற்றாசிரியர்கள் அவசரம் வேண்டாம் என்றார்கள். ஊர்ப்பெயர் பொறித்த கல்வெட்டு கிடைக்கவில்லை; மேட்டில் தோண்டியது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. என் கணக்கில், முசிறி என்பது ஒரே மதிலுக்குள் அடங்கிய ஊராக இருந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆறு பல கிளைகளாகப் பிரிந்து காயலில் விழும் இடத்தில், ஏற்றுமிடம் ஒன்று, கிடங்கு இன்னொன்று, காவல் மற்றொன்று எனப் பரந்து கிடந்த துறையாக இருந்திருக்கலாம். பட்டணம் அதன் ஒரு பகுதி என்பதை மறுக்க வலுவான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

வஞ்சித் தகராறு இதன் உடன்பிறப்பு. சேரரின் தலைநகர் வஞ்சி, கரூரா, கொடுங்கல்லூரை அடுத்த திருவஞ்சைக்களமா? இரா. இராகவையங்கார் ‘வஞ்சிமாநகர்’ எழுதிக் கரூருக்காக வாதாடினார், கே.ஜி. சேஷையர் மேற்குக் கரைக்காக நின்றார். வேலாயுதம்பாளையம் அருகே ஆறுநாட்டார் மலையில் உள்ள புகளூர்த் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோ, பேரன் இளங்கடுங்கோ என்று சேர அரசர் மூன்று தலைமுறையைச் சொல்கிறது. அமராவதி ஆற்று மணலில் சேரர் பெயர் பொறித்த காசுகள் கிடைத்தன. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி, சேர அரசனின் இருக்கை ‘கரௌரா’ என்றும், அது உள்நாட்டு நகரம் என்றும் எழுதினார். கரூரின் பக்கம் தராசு நன்றாகவே தாழ்ந்துவிட்டது. கொங்குக்காரன் என்பதால் இதைச் சொல்கிறேன் என்று யாரும் நினைத்தால் நினைக்கட்டும். இதில் வணிகத்துக்கு முக்கியமான செய்தி வேறு. அரசன் கிழக்கே காவிரிப் பக்கம் இருக்கிறான், அவன் துறைமுகம் மேற்கே அரபிக்கடலில் இருக்கிறது. நடுவே மேற்குத்தொடர்ச்சி மலை. இரண்டையும் இணைத்தது பாலக்காட்டுக் கணவாய்.

காரமடையிலிருந்து மேற்கே வெள்ளியங்காடு, முள்ளி வழியாக அட்டப்பாடிக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், மலை ஏறி இறங்கும் பாதை எவ்வளவு நேரத்தைத் தின்னும் என்று. பாலக்காட்டில் அந்தத் தொல்லை இல்லை. முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு மலை விட்டுக்கொடுத்திருக்கிறது. பொதிமாடு மூச்சு வாங்காமல் கடக்கும். பொள்ளாச்சிப் பக்கத்து ஆழியாறு போன்ற ஆறுகள் மேற்கே திரும்பி அந்த வழியில்தான் பாரதப்புழையில் சேர்கின்றன. தெற்கே செங்கோட்டை வரை சரக்கு வண்டிக்கு இவ்வளவு எளிதான வாசல் வேறில்லை.

இனி துறையின் தன்மைக்கு வருவோம். இங்கே இரண்டு சாட்சிகள், ஒருவரை ஒருவர் அறியாதவர்கள், ஒரே காட்சியைச் சொல்கிறார்கள். புறநானூற்றில் பரணர் பாடிய 343-ஆம் பாட்டில், மரக்கலங்கள் கொண்டுவந்த பொன் கழித்தோணிகளில் ஏற்றிக் கரை சேர்க்கப்படுகிறது. கி.பி. 79-இல் இறந்த ரோமானிய அறிஞர் பிளினி தன் நூலின் ஆறாம் தொகுதியில், முசிறியில் கப்பல் நிற்கும் இடம் கரையிலிருந்து வெகுதூரம், சரக்கைச் சிறு படகில்தான் ஏற்றி இறக்க வேண்டும் என்று சலித்துக்கொள்கிறார். பக்கத்தில் கடற்கொள்ளையர் தொல்லை, சரக்கும் அங்கே அதிகமில்லை, பாண்டியனுக்கு உரிய பக்கரே துறை மேல் என்றும் சொல்கிறார். பட்டணத்துப் படகுத்துறையும் ஆறு மீட்டர்த் தோணியும் மூன்றாவது சாட்சி. பெருங்கப்பலை நேரே கரையில் கொண்டுவந்து கட்டும் துறை அல்ல அது.

பிளினியின் அந்த வாக்கியத்தைத்தான் பலரும் வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். முசிறி உச்சத்தில் இருந்தபோதே அதன் ஆற்றுமுகம் ஆழம் குறைந்ததாகத்தான் இருந்தது. வண்டல் அன்றும் இருந்தது. பெரியாறு ஆண்டுக்கு இரண்டு பருவமழையில் மலையைக் கரைத்துக்கொண்டு வரும் ஆறு. ஆழம் இல்லாமலேயே அந்தத் துறை பல தலைமுறை செழித்தது என்றால், பிற்காலத்தில் வண்டல் சேர்ந்தது மட்டும் அதைக் கொன்றிருக்க முடியாது. தோணிக்காரனுக்கு வேலை அதிகமாகியிருக்கும், அவ்வளவுதான்.

1341-ஐ எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டில் கடற்கரை பெரிதாக மாறியது என்பதற்கு மரபு உண்டு. வைப்பின் தீவு தோன்றியதைத் தொடக்கமாகக் கொண்ட புதுவைப்பு ஆண்டுக் கணக்கே 1341-இலிருந்துதான் எண்ணப்பட்டது. கொச்சி முகத்துவாரம் திறந்ததும் அப்போது என்பார்கள். இருக்கட்டும். ஆனால் ஆறாம் நூற்றாண்டிலேயே, மலபார்க் கரையில் மிளகு ஏற்றும் துறைகள் ஐந்தைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்ட காஸ்மாஸ் என்ற வணிகத் துறவி முசிறியைக் குறிப்பிடவில்லை. 1341-க்கு எண்ணூறு ஆண்டுக்கு முன்பே அது பெரிய துறைகளின் பட்டியலிலிருந்து விழுந்துவிட்டது. வெள்ளம் வந்த அதே 1340-களில் இந்தக் கரைக்கு வந்த இபின் பதூதா வியந்து எழுதியது கோழிக்கோட்டையும் கொல்லத்தையும். கொல்லம் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே பெரிய துறை. 849-ஆம் ஆண்டுத் தரிசாப்பள்ளிச் செப்பேடு அங்கே எழுந்தது.

அதற்காக ஊர் ஒரேயடியாகக் காணாமல் போகவும் இல்லை. ஏறத்தாழ கி.பி. 1000-இல் பாஸ்கர ரவிவர்மன் யூத வணிகத் தலைவன் ஜோசப் ரப்பானுக்கு 72 உரிமைகள் கொடுத்த செப்பேடு, அரசன் முயிரிக்கோட்டில் இருந்தபோது வழங்கியது என்கிறது. முசிறியின் பெயர் அப்போதும் உயிரோடு இருந்தது. அந்த வட்டாரத்தில் மகோதையபுரம் பெருமாள்களின் தலைநகராயிற்று. பின்னால் போர்ச்சுகீசியர் அங்கே கோட்டை கட்டினார்கள். ஆக, கைவிடப்பட்டது துறையின் முதன்மை. ஆட்கள் அங்கேயே இருந்தார்கள், கப்பல்கள் வேறெங்கோ போயின. ஏன்?

இதற்கு விடை, முசிறியில் என்ன ஏற்றினார்கள் என்பதில் இருக்கிறது. முதல் நூற்றாண்டின் ‘எரித்திரைக் கடல் வழிப்பயணம்’ என்ற கிரேக்க வணிகக் கையேடு, முசிறியிலும் அதை அடுத்த நெல்கிந்தாவிலும் கிடைக்கும் சரக்கைச் சொல்கிறது: மிளகு, முத்து, யானைத் தந்தம், பட்டு, கங்கைக்கரை நறுமண வேர், ஒளி ஊடுருவும் பலவகை மணிக்கற்கள், ஆமை ஓடு. மிளகையும் தந்தத்தையும் விட்டால் மற்றவை பெரும்பாலும் வெளியூர்ச் சரக்கு. முத்து பாண்டிய நாட்டுக் கரையிலிருந்து வரவேண்டும். நறுமண வேர் கங்கையிலிருந்து. வியன்னாவில் ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் இருக்கும் பாப்பிரஸ் ஆவணம் 1985-இல் வெளியானபோது உலகம் முழுக்கப் பேசப்பட்டது. இரண்டாம் நூற்றாண்டில் ‘ஹெர்மாபொல்லோன்’ என்ற கப்பலில் வந்த சரக்கின் மதிப்பு அதில் இருக்கிறது. நான்கில் ஒரு பங்கு சுங்கம் போக ஏறத்தாழ 70 லட்சம் செஸ்டர்ஸ். முசிறி தொடர்பான கடன் ஒப்பந்தம் பற்றியும் அது பேசுகிறது. ஆனால் கிழியாமல் எஞ்சிய பகுதியில் பெயரோடு நிற்பவை அறுபது பெட்டி கங்கை நறுமண வேரும் தந்தமும். மிளகுத் துறையின் மிகப் பெரிய ஆவணத்தில் நம் கண்ணுக்குக் கிடைப்பது கங்கைச் சரக்கு!

கொங்கின் பங்கு மணிக்கல். காங்கயம் அருகே படியூரில் பெரில் என்னும் கடல்நிறப் பச்சைக்கல், சிவன்மலைப் பக்கம் நீலக்கல், சுற்று வட்டாரத்தில் பளிங்கு. இவற்றை அறுத்துத் துளையிட்டு மெருகேற்றிய ஊர், சென்னிமலைக்கு மேற்கே நொய்யலின் வடகரையில் உள்ள கொடுமணல். பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் கொடுமணம் என்று பாடிய ஊர் இதுவே. தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985-இல் தொடங்கி எ. சுப்பராயலு, கா. இராசன் முதலியோரால் தோண்டிய அந்த மேட்டில், கல் அறுத்த பட்டறைகள், இரும்பும் எஃகும் உருக்கிய உலைகள், தமிழ்ப் பிராமி எழுத்துள்ள நூற்றுக்கணக்கான பானை ஓடுகள் கிடைத்தன. சூதுபவளம் குஜராத்திலிருந்து வந்து இங்கே மணியாயிற்று. ஓடுகளில் சுமணன், விசாகி போன்ற வடபுலச் சாயல் பெயர்களும் உண்டு. வணிகக் குழுவைக் குறிக்கும் ‘நிகம’ என்ற சொல்லும் உண்டு.

கொடுமணலின் காலம் இந்த விவாதத்தில் ஒரு சிக்கல். அதை மறைக்காமல் சொல்வதுதான் முறை. முதலில் அந்த ஊரின் முடிவைக் கி.பி. மூன்றாம் நூற்றாண்டு என்று வைத்தார்கள். முசிறியின் சரிவோடு அழகாகப் பொருந்தியது. 2012-இல் இராசன் மீண்டும் தோண்டி எடுத்த கரி மாதிரிகள் கதையை மாற்றின. 15 செ.மீ. ஆழத்திலேயே ஏறத்தாழ கி.மு. 200, 120 செ.மீ. ஆழத்தில் கி.மு. 408 என்று காலம் வந்தது. அப்படியானால் ரோமானியக் கப்பல்கள் வெள்ளம்போல் வருவதற்கு முன்பே கொடுமணல் தன் சிறந்த நாட்களைப் பார்த்துவிட்டது. ‘யவனர் வந்தார்கள், கொங்கு செழித்தது’ என்ற வழக்கமான கதை தலைகீழாகிறது. கல் அறுக்கும் கைத்திறன், வடக்கோடு தொடர்பு, கணவாய் வழி எல்லாம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தன. யவனர் அந்த ஓட்டத்தில் வந்து சேர்ந்தவர்கள். முசிறி முசிறியானதற்கு ஒரு காரணம், இந்த ஓட்டத்தின் மேற்கு நுனி அதன் பக்கம் இருந்தது.

இந்த இடத்தில் என் வாதத்தை வைக்கிறேன். மிளகு மலபார்க் கரையின் எல்லா ஆற்றிலும் மிதந்து வரும் சரக்கு. அதை மட்டும் நம்பினால் முசிறிக்கும் மற்ற ஆற்றுமுகத்துக்கும் வேறுபாடு இல்லை. பிளினி காலத்திலேயே பக்கரே போட்டிக்கு நின்றது. கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வந்து சேர்ந்த மணி, முத்து, பட்டு, நறுமண வேர் ஆகியவைதான் ஒரே இடத்தில் எல்லாம் கிடைக்கும் என்று கப்பல்காரனை அங்கே வரவழைத்தவை. அந்தச் சரக்கு வேறு வழி கண்டுகொண்டபோது முசிறி இன்னொரு மிளகுத் துறையாகச் சுருங்கிற்று.

வேறு வழி எது? நாணயங்களே சொல்கின்றன. கொங்கில் கிடைக்கும் வெள்ளி அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது, நீரோ கி.பி. 64-இல் வெள்ளிக் காசின் தரத்தைக் குறைத்ததை இதற்கு ஒரு காரணமாகச் சொல்வார்கள். நான்காம், ஐந்தாம் நூற்றாண்டின் சிறு செப்புக் காசுகள் ஏராளமாகக் கிடைப்பது மதுரை, கரூர் ஆற்றுமணல், எல்லாவற்றுக்கும் மேலாக இலங்கை. காஸ்மாஸ் காலத்தில் கிழக்குச் சரக்கும் மேற்குச் சரக்கும் கைமாறிய சந்தை இலங்கைதான். கங்கை வேரும் சீனப்பட்டும் பாண்டிய முத்தும் கணவாய் ஏறாமல் கடல்வழியே தெற்கைச் சுற்றினால் போதும் என்றான பிறகு, பாலக்காட்டு வழி இரண்டாந்தரப் பாதையாகிவிட்டது. ரோமின் பக்கமும் நிலைமை சரியில்லை. மூன்றாம் நூற்றாண்டில் பேரரசே ஆட்டம் கண்டது. எகிப்தைச் சில ஆண்டுகள் சிரியாவின் பல்மைரா அரசு பிடித்து வைத்திருந்தது. செங்கடல் துறை பெரெனிகேயும் அந்த நூற்றாண்டில் தளர்ந்தது. அந்தத் துறையில் ஒரு கோயில் முற்றத்தில் இந்தியச் சாடி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே கிடைத்ததையும், தமிழ்ப் பிராமியில் கொற்றன் என்ற பெயர் எழுதிய ஓடு கிடைத்ததையும் இந்தப் பக்கத்து மாணவர்களுக்கு யாராவது சொன்னால் நல்லது.

வழி மட்டும் சாகவில்லை. கோவைக்கு மேற்கே மலையடிவாரத்தில் ‘இராசகேசரிப் பெருவழி’ என்று வட்டெழுத்தில் வெட்டிய சோழர் கல்வெட்டு நிற்கிறது. ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டிலும் அரசு அந்தப் பாதைக்குப் பெயரிட்டுக் காத்தது. 1860-களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து பேப்பூர் வரை போட்ட ரயில் பாதையும் அதே வாசலில்தான் நுழைந்தது. இன்று காரமடை, மேட்டுப்பாளையம் வட்டாரத்துக் கறிவேப்பிலையும் காய்கறியும் லாரி ஏறிக் கேரளத்துக்குப் போவதும் அதில்தான்.

மற்ற ஆற்றுத்துறைகளை இதோடு வைத்துப் பார்க்கலாம். தாமிரபரணியின் கொற்கையைக் கால்டுவெல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடையாளம் காட்டியபோதே அது கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே இருந்தது. அதற்குப் பதிலாக முன்னால் எழுந்த காயலும், மார்க்கோ போலோ கண்டு எழுதியபின், மண்ணில் ஒதுங்கியது. பிறகு தூத்துக்குடி வந்தது. அங்கே வண்டல் உண்மையான குற்றவாளிதான், சந்தேகமில்லை. ஆனால் கவனியுங்கள்: முத்து அந்தக் கரையை விட்டு நகரவில்லை, ஆகவே துறை கடலைத் துரத்திக்கொண்டே போய் மீண்டும் மீண்டும் பிறந்தது. பூம்புகாரில் கீழையூர்ப் படகுத்துறை 1960-களில் வெளிவந்தது. கடல் கொண்டது என்ற கதை அங்கே எல்லாவற்றையும் மூடிவிட்டது, காவிரியின் நீரே கொள்ளிடத்துக்குப் போனதைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. புதுச்சேரியை ஒட்டிய அரிக்கமேட்டில் 1945-இல் தோண்டிய வீலர் எழுதியதைப் பின்வந்த விமலா பெக்லி பெரிதும் திருத்தினார். ரோமானியருக்கு முன்பே அங்கே ஊர் இருந்தது.

சரக்குக்குத் தூரம் கணக்கில்லை என்பதற்கு இன்றைய சாட்சியும் நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. 1928-இல் பெரிய கப்பல் உள்ளே வந்த கொச்சித் துறைமுகம் திருப்பூருக்கு அருகில். ஆனால் பின்னலாடைப் பெட்டிகளில் பெரும்பகுதி போவது தூரத்தில் இருக்கும் தூத்துக்குடிக்கு. வல்லார்பாடத்தில் 2011-இல் கொள்கலன் முனையம் திறந்த பிறகும் அந்தப் பழக்கம் எளிதில் மாறவில்லை.

கேரளம் முசிறியை ஒரு பெயர்ப்பலகையாக நன்றாகவே விற்றுவிட்டது. முசிறிஸ் பாரம்பரியத் திட்டம் இருக்கிறது. 2012 முதல் கொச்சி-முசிறிஸ் கலைத்திருவிழாவும் நடக்கிறது. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையும் கொடுமணலில் மீண்டும் தோண்டியது. பட்டணம், கொடுமணல் ஆகிய இரண்டு அகழாய்வுகளின் மணிகளையும் ஓடுகளையும் ஒரே மேசையில் வைத்து, படியூர்க் கல்லோடு ஒப்பிடும் கூட்டாய்வை இரு மாநில அரசுகளும் தொடங்க வேண்டும். கொங்கிலிருந்து குருவாயூருக்கும் கொடுங்கல்லூர் பகவதி கோயிலுக்கும் போகிறவர்கள் ஒருநாள் கூடுதலாக வைத்துக்கொண்டு பட்டணத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்; கொடுமணலுக்குச் சென்னிமலையிலிருந்து சாலை இருக்கிறது, அங்கே மேட்டில் கிடக்கும் ஓட்டையும் மணியையும் மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள்.